வைத்தியம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வேலை

சென்ற மாதம் நூல் பட்டுவாடா நாளன்று நமது சங்கக் காரியாலயத்தில் கூட்டம் சற்று அதிகமாகவே இருந்தது. கழி நூலை எடை பார்த்து வாங்கிக்கொண்ட ஓர் அங்கத்தினர், மற்றவர்கள் சென்ற பின்னும் செல்லாமல் திண்ணை ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருடன் அவருடைய மகளும் வந்திருந்தாள். என்ன சங்கதி என்று விசாரித்தோம்.

"ஐயா, இவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிவிட்டாள். நீட் பரீட்சையிலும் தேர்ச்சிதான். ஆனால் இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. மறுபடியும் எழுதுகிறேன் என்கிறாள். ஒரு வருஷம் வீட்டில் தார் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒரு வேலைக்குப் போகலாமே என்று பார்க்கிறேன். வேலை கிடைக்குமா? டாக்டர் படிப்புக்கு அது உதவுமா?"

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். அன்றைக்கு நம்மால் இரண்டுக்கும் திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை. பத்து நாட்களுக்குள் மஞ்சள் பயிரிடும் மற்றோர் அங்கத்தினரும் தம் மகனைப் பற்றி இதையே கேட்டார். ஆகவே, தாலுகா ஆஸ்பத்திரியிலும், தனியார் நர்சிங் ஹோம்களிலும், மருந்துக் கடைகளிலும், ரத்தப் பரிசோதனை நிலையங்களிலும் நமக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்து, அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். இன்னும் எத்தனை வீடுகளில் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறதோ தெரியாது.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் அல்ல, ஐந்து வருஷம் வேலை பார்த்தாலும், எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் அதற்கென்று ஒரு மார்க்கும் கிடையாது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு முதல் சேர்க்கை நீட் மதிப்பெண்ணை வைத்தே நடைபெற்று வருகிறது. அதற்கு முந்திய பத்தாண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே கணக்கு. அப்போதும் சரி, அதற்குப் பின்னும் சரி, நோயாளிக்குக் கஞ்சி ஊட்டிய கைக்குத் தனி மதிப்பெண் எவரும் போட்டதில்லை. 2025-ஆம் ஆண்டுப் பரீட்சையில் 180 கேள்விகள், 180 நிமிஷம், மொத்தம் 720 மார்க். சரியான விடைக்கு நான்கு. தவறான விடைக்கு ஒன்று குறையும். அந்த 180-ல் சரிபாதி, அதாவது 90 கேள்விகள், உயிரியல். அதிலும் ஒரு பகுதி தாவரங்களைப் பற்றியது. ஆஸ்பத்திரி வார்டில் தாவரம் கிடையாது. நெல் பூப்பதையும் பருத்திக் காய் வெடிப்பதையும் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு வயற்காடு செய்யும் உதவியைக்கூட வார்டு செய்யாது என்பதே நமது அபிப்பிராயம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். 2020-ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. அவ்வழியில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றது. ஆனால் இந்த ஒதுக்கீட்டுக்கும் நீட் தேர்ச்சி வேண்டும். அங்கேயும் மார்க் வரிசைதான். மேற்சொன்ன அங்கத்தினரின் மகள் இந்த ஒதுக்கீட்டுக்கு உரியவள். அவளுக்குக் குறைந்தது மார்க்தானே ஒழிய அனுபவமல்ல.

அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் வைத்தியக் கல்லூரியில் சேர முடியாது. முதலில் நான்கு வருஷம் வேறொரு பட்டப் படிப்பு. அதன்பின் நுழைவுப் பரீட்சை. அதன்பின் நேர்முக விசாரணை. அந்த விசாரணையில், "நோயாளிகளோடு எவ்வளவு காலம் பழகியிருக்கிறாய்?" என்று கேட்பார்கள். ஆகவே டாக்டராக விரும்பும் வாலிபர்கள் பட்டப் படிப்பின்போதும் அதற்குப் பின்னும் வேலை தேடி ஆஸ்பத்திரிகளின் வாசலில் நிற்கிறார்கள். முதியோர் இல்லத்தில் நர்ஸ் உதவியாளராகச் சேர்ந்து படுக்கை மாற்றுகிறார்கள். அந்த வேலைக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டுமென்று 1987-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் சட்டம் வந்தது. சிலர் ஏறத்தாழ 150 மணி நேரப் பயிற்சி பெற்று ஆம்புலன்ஸில் ஏறுகிறார்கள். சிலர் ரத்தம் எடுக்கக் கற்கிறார்கள். இன்னும் சிலர் டாக்டர் நோயாளியிடம் பேசுவதைப் பக்கத்திலிருந்து குறிப்பெடுத்துக் கொடுக்கும் எழுத்தராகிறார்கள். மலச்சட்டி எடுத்துக் கழுவிய பிறகு டாக்டராவது என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் சம்பளமில்லாமல் தொண்டூழியம் செய்ய வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கேயும் வழி சுலபம். கடையில் வேலை பார்த்துக் கல்லூரிக்குப் பணம் கட்டுகிற பிள்ளைக்கு அது கடினம். அவர்களுடைய முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு படி ஏற வேண்டியதாகுமே தவிர, ஏற்றம் குறையாது.

அப்படியானால் எதற்காகப் போவது என்று கேட்கலாம். சம்பளம் ஒரு காரணம். அது அதிகமென்று சொல்ல மாட்டோம். ஆனால் பரீட்சைக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் தகப்பனாரிடம் கை நீட்டாமல் இருந்தால் அந்தப் பிள்ளையின் முதுகு சற்று நிமிரும். அதைவிட முக்கியமானது வேறொன்று. இந்தத் தொழில் தன்னால் முடியுமா என்பதை ஐந்தரை ஆண்டுப் படிப்பில் காலை வைப்பதற்கு முன்னரே பார்த்துக்கொள்ளலாம்.

சில வருஷங்களுக்கு முன்பு கரும்பு பயிரிடும் ஓர் அங்கத்தினரின் மகன் இவ்வாறே ஒரு நர்சிங் ஹோமில் உதவியாளாகச் சேர்ந்தான். மிகக் கெட்டிக்காரன். நான்காம் நாள் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரின் கால் புண்ணைத் துடைக்கும்போது தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவன் மயங்கி விழுந்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் மாதத்தில் பலருக்கும் நேர்வதுதான். ஆனால் இரண்டு மாதம் கழித்தும் அவனுக்கு வார்டுக்குள் போக மனம் வரவில்லை. அதே கட்டிடத்தில் இருந்த பரிசோதனைக் கூடத்தில் மட்டும் நேரம் போவது தெரியாமல் நின்றான். ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றிக் காட்டியபோது அவனுக்கு அது பெரிய வித்தையாகப் பட்டது. வீட்டில் சொன்னான், வீட்டில் அழுகை. கடைசியில் இரண்டு வருஷ டி.எம்.எல்.டி. டிப்ளமாவில் சேர்ந்தான். இன்று ஒரு பரிசோதனை நிலையத்தில் பொறுப்பான இடத்தில் இருக்கிறான். டாக்டர் ஆகவில்லையே என்று அவனுடைய தாயார் இன்னமும் குறைப்படுவதுண்டு. நாம் அவ்வாறு நினைக்கவில்லை. அந்த இரண்டு மாத வேலை இல்லாதிருந்தால் அவன் இன்னும் இரண்டு முறை நீட் எழுதியிருப்பான்.

இனி, எந்த வேலை கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் தேறியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நிரந்தர உத்தியோகம் என்ற எண்ணம் வேண்டாம். நர்ஸ், மருந்தாளுநர், பரிசோதனைக்கூட நுட்பர் முதலியோரை 2012-இல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. அவற்றுக்கு உரிய படிப்பு வேண்டும். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் வாயிலாகத் தற்காலிக ஒப்பந்தப் பணியிடங்கள் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. பல்நோக்குப் பணியாளர் என்ற இடத்துக்குச் சில வேளைகளில் எட்டாம் வகுப்பே போதும். அறிவிப்பு மாவட்ட நிர்வாகத்தின் இணையத்தளத்தில் வரும்; பத்திரிகையில் வருமென்று காத்திருந்தால் தேதி கடந்துவிடும். 108 ஆம்புலன்ஸில் ஏறலாம் என்று பல பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தச் சேவையில் மருத்துவ உதவியாளராக வேண்டுமானால் நர்சிங், பரிசோதனைக்கூட டிப்ளமா, அல்லது உயிரியல் சார்ந்த பட்டம் கேட்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புடன் அந்தக் கதவு திறக்காது.

தனியார் இடங்களில்தான் வழி உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யும் மேஜை, பில் போடும் இடம், பழைய கேஸ் சீட்டுகளை அடுக்கி வைக்கும் அறை ஆகியவற்றில் கம்ப்யூட்டர் தட்டத் தெரிந்தவர்களுக்கு இடம் கிடைக்கும். இவை கௌரவமான வேலைகள். ஆயினும் அங்கே நோயாளியைப் பார்ப்பது கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்துதான். பரிசோதனை நிலையங்களில் சீட்டு எழுதவும் மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டவும் ஆள் தேவைப்படும். பெயர் மாறினால் என்ன விபரீதம் நேரும் என்பதை அங்கே ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மருந்துக் கடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெரியவர்களின் காலத்தில் கம்பவுண்டர் என்றொருவர் இருந்தார். கலவை மருந்தை பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதப் பட்டையில் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். டாக்டரிடம் சேர்ந்து பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்கள் பலர். அந்தக் காலம் போய்விட்டது. 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரிமை. அவர் பார்வையில் அலமாரி அடுக்கலாம், காலாவதித் தேதி பார்த்துப் பிரிக்கலாம், கணக்கு எழுதலாம். மருந்தாளுநர் இல்லாத கடையில் "நீயே எடுத்துக் கொடு" என்று சொல்வார்களானால் அந்தக் கடையை விட்டு வந்துவிட வேண்டும். இரண்டு வருஷ டி.பார்ம். படிப்பவர்களுக்கு நமது கூட்டுறவு இயக்கத்திலேயே இப்போது இடம் உண்டு. கூட்டுறவு மருந்தகங்கள் முன்னமே இருந்தன. 2025 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்களிலும் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்றன.

நோயாளியின் அருகில் நிற்க விரும்புகிறவர்களுக்கு வார்டு உதவியாளர் வேலை உண்டு. நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது, தள்ளுவண்டியில் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோவது, விரிப்பு மாற்றுவது, சிறுநீர் அளந்து குறிப்பது ஆகியவை அதில் அடங்கும். இதை இழிவு என்று கருதுகிறவர்கள் நம்முள் இருக்கிறார்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற கட்டுத்துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் புண்ணின்மேல் கிடக்கிறது. அதை நெய்த கைக்கு இழிவில்லையென்றால் அவிழ்த்து எடுக்கிற கைக்கும் இல்லை. அவிழ்த்த துணி எங்கே போக வேண்டும் என்பதுதான் அங்கே முதற்பாடம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பையில். சலைன் குழாய், கையுறை முதலியன சிவப்புப் பையில். ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில். உடைந்த கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியில். இந்த நான்கு நிறங்களும் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதல் நாளே கண்ணால் பார்த்துக்கொண்டால், அந்த ஆஸ்பத்திரி எப்படிப்பட்டதென்று பாதி தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் நாம் அதிகமாகப் பரிந்துரைப்பது சிற்றூர் டாக்டர்களின் மாலை நேரக் கிளினிக்கையே. பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பணியாற்றும் டாக்டர் பலரும் மாலை ஐந்து மணி முதல் ஒன்பது வரை தம் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். டோக்கன் கூப்பிடவும், எடை பார்க்கவும், தர்மாமீட்டர் வைக்கவும், பழைய சீட்டைத் தேடி எடுக்கவும் ஒருவர் தேவை. நான்கு மணி நேர வேலை. பகல் முழுதும் படிப்புக்கு. மேலும் அங்கே கதவருகே நிற்கிற பிள்ளைக்கு, ஒரு டாக்டர் எப்படிக் கேள்வி கேட்கிறார், நோயாளி எதை மறைக்கிறார், கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் நாள்தோறும் காதில் விழும். பெரிய ஆஸ்பத்திரிகளில் பல இடங்களில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை பன்னிரண்டு மணி நேர முறை இருக்கிறது. அதைச் செய்துவிட்டு வந்து பௌதிகக் கணக்குப் போடுவது நடவாத காரியம். முதல் மாதம் முடியும் என்று தோன்றும். மூன்றாம் மாதம் புத்தகம் மூடியபடியே இருக்கும்.

வேலை கேட்கும் முறையிலும் ஒரு வார்த்தை. தரகர் வேண்டாம், சிபாரிசுக் கடிதமும் அவசியமில்லை. பிள்ளையே நேரில் போக வேண்டும். காலையில் நோயாளிக் கூட்டத்தின் நடுவே போய் நின்றால் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் போய், தலைமை நர்ஸையோ மேலாளரையோ பார்க்க வேண்டுமென்று கேட்கலாம். ஒரு பக்கத்தில் திருத்தமாக எழுதிய விண்ணப்பம், மார்க் பட்டியலின் நகல், அவ்வளவு போதும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை நடத்தும் முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று இருந்தால் நலம். தான் நீட் எழுதப்போவதை மறைக்கக் கூடாது. "அடுத்த மே மாதம் வரை இருப்பேன், ஏப்ரலில் லீவு வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற பிள்ளையைச் சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டும் என்கிறவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள்.

இப்போது நாம் வருத்தத்தோடு எழுத வேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு, நெசவாளர் அங்கத்தினர் ஒருவரின் மகள் பக்கத்து நகரிலுள்ள ஒரு நர்சிங் ஹோமில் உதவியாளராகச் சேர்ந்தாள். சேரும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களையும் சாதிச் சான்றிதழையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். நியமனக் கடிதம் கொடுக்கவில்லை. இரண்டாம் வாரம் அவளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் இரவில் நர்ஸ் வராதபோது நோயாளிக்கு ஊசி போடச் சொன்னார்கள். அவள் மறுத்தாள். அன்று முதல் அவளுக்கு நிம்மதி இல்லை. நீட் முடிவு வந்து, கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரம் நெருங்கியபோது சான்றிதழ்களைக் கேட்டாள். மூன்று மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டினால் தருவோம் என்று பதில் வந்தது. அந்த வீட்டில் பாவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு தகப்பனார் புறப்பட்டுவிட்டார். நல்ல வேளையாக அதற்கு முன் நமது சங்கத் தலைவரிடம் வந்து சொன்னார். தலைவரும் இரண்டு இயக்குநர்களும் அவருடன் போனார்கள். முதல் நாள் முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். மறுநாள், எழுத்து மூலம் காவல் நிலையத்தில் கொடுக்க மனு தயாராக இருக்கிறது என்று காட்டிய பிறகு, பத்து நிமிஷத்தில் உறை கைக்கு வந்தது. பணம் ஒன்றும் கொடுக்கவில்லை. கலந்தாய்வு விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கியிருந்தது.

ஆகையால் அசல் சான்றிதழை எவரிடமும் விட்டு வரக் கூடாது. காட்டலாம், நகல் கொடுக்கலாம், அசல் பெட்டிக்குள் திரும்ப வர வேண்டும். நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மாதச் சம்பளத்திலிருந்து ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறோம் என்று சொன்னால் எண்ணைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது, அதற்கு மேல் பிடித்தால் காரணம் கேட்கலாம். ஊசி போடுவது, சலைன் ஏற்றுவது, தையல் பிரிப்பது ஆகியவை பயிற்சியும் பதிவும் பெற்றவர்களின் வேலை. "பார்த்துக்கொள்" என்றால் பார்க்கலாம். "நீ செய்" என்றால் மாட்டேன் என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பெண் சொன்னாள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது எளிய காரியமல்ல.

தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோர் எவரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் காலடி வைப்பதற்கு முன் மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசியும், டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முன்னது மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. கழிவுகளைக் கையாளும் பணியாளர்களுக்கு இவற்றைப் போட வேண்டியது நிர்வாகத்தின் கடமையென்று மேற்சொன்ன 2016 விதிகளே கூறுகின்றன. உபயோகித்த ஊசி கையில் குத்திவிட்டால் பயந்து மறைக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் என்றால் மிகவும் நல்லது. திட்டுவார்களோ என்று ஒரு பிள்ளை மூன்று நாள் சும்மா இருந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

சான்றிதழ் விற்கும் கடைகளும் பெருகியிருக்கின்றன. பஸ் நிலையத்து மாடியில் "ஆறே மாதத்தில் நர்ஸ்" என்று பலகை தொங்கும். ஆறு மாதத்தில் எவரும் நர்ஸ் ஆக முடியாது. ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருஷம். நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். அறுவை அரங்கு, டயாலிசிஸ், இ.சி.ஜி. முதலிய துறைகளில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளை அரசாங்க மருத்துவக் கல்லூரிகளே நடத்தி வந்திருக்கின்றன. அவற்றால் பிழைப்புத் தேடிக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் 2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணை மருத்துவத் தொழில்கள் பற்றிய சட்டம், இணை மருத்துவத் தொழிலர் என்று பதிவு பெறக் குறைந்தது இரண்டு வருஷம், 2,000 மணி நேரப் படிப்பு வேண்டுமென்று வரையறுக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயிற்சி கொடுத்து, படிக்கும்போதே உதவித்தொகையும் கொடுக்கும் நல்ல இடங்களும் இருக்கின்றன. மதுரையில் 1976-ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் எடுத்து இரண்டு வருஷம் பழக்குகிறது. கண் பரிசோதனை செய்வது, அறுவைக்குத் தயார் செய்வது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது என்று அந்த ஆஸ்பத்திரியின் பெரும்பகுதி வேலையை நடத்துகிறவர்கள் அந்தப் பெண்களே. ஆயினும் அடுத்த மே மாதம் நீட் எழுதிவிட்டுப் போகிறேன் என்கிற பிள்ளை அங்கே சேருவது நியாயமாகாது. இன்னொரு பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் அது.

எத்தனை முறை எழுதுவது என்ற கேள்வியும் வருகிறது. சட்டத்தில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. மேல் வயது வரம்பையும் 2022-இல் நீக்கிவிட்டார்கள். வரம்பு இல்லாததே சில வீடுகளில் துன்பமாகிவிட்டது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே மார்க் நன்றாக ஏறியிருந்தால் மூன்றாம் முறை எழுதுவதில் அர்த்தமுண்டு. நின்ற இடத்திலேயே நின்றால், தகப்பனாரும் பிள்ளையும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சில் கோபம் கூடாது. ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் கண் திறந்திருந்த பிள்ளைக்கு அப்போது நர்சிங், மருந்தியல், பரிசோதனைக்கூடம் என்பவை வெறும் பெயர்களாக இரா. எதில் தன் மனம் நிற்கிறது என்று சொல்லத் தெரியும். மேலே சொன்ன பெண்ணுக்கு, சான்றிதழ் கைக்கு வந்தும், அவ்வாண்டு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை. இப்போது பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, ஊசி போடும் பயிற்சியை முறையாகத் தொடங்கிவிட்டார்கள் என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தாள்.

சங்கத்தின் சார்பில் இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். வாசகசாலையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல், பௌதிகம், ரசாயனப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைக்கப்பட்டுள்ளன. நீட் தமிழிலும் எழுதக்கூடிய பரீட்சைதான். இரவு பத்து மணி வரை விளக்கு எரியும். இரண்டாவது, ஆஸ்பத்திரி வேலைக்குச் சேரும் அங்கத்தினர் பிள்ளைகள் தங்கள் நியமனக் கடிதத்தின் நகல் ஒன்றைக் காரியாலயத்தில் கொடுத்து வைக்கலாம். கடிதம் தர மறுக்கும் இடமானால், சேருவதற்கு முன்பே காரியதரிசியிடம் வந்து தெரிவிக்கவும்.

நூல் பட்டுவாடா நாளன்று திண்ணையில் நின்ற பெண்ணுக்கு நமது கடைவீதியிலுள்ள குழந்தை வைத்தியரின் கிளினிக்கில் மாலை வேலை கிடைத்திருக்கிறது. திங்கள் முதல் சனி வரை, ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை. முதல் தவணைத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. பகலில் வாசகசாலையில் இருக்கிறாள். மதியத்துக்கு மேல் அரைமணி நேரம் வீட்டுக்குப் போய்த் தாயாருக்குத் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு வருகிறாள் என்று கேள்வி.